கணக்கருக்குச் சம்பளம் யார் தருவது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொடை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கொடையின் பெருமையைப் பேசத் தமிழில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் தணிக்கையாளன். அறக்கட்டளைகள், சங்கங்கள், இல்லங்கள் இவற்றின் கணக்கைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பெருமையைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன். கொடுக்கும் பணம் எந்தத் தலைப்பில் வந்து விழுகிறது, எந்தத் தலைப்பில் விழுவதே இல்லை என்பதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

காஞ்சிபுரம் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1068ஆம் ஆண்டை ஒட்டியது. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்லூரி, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இவை நடந்த விதத்தை அது சொல்கிறது. மருத்துவமனையில் 15 படுக்கைகள். இதுவரைக்கும் எல்லா மேடையிலும் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஆஸ்பத்திரி இருந்தது என்று கைதட்டலும் வாங்கிவிடுவார்கள். என் கண் போவது அதற்கடுத்த வரிகளில்.

மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இரண்டு பேருக்குச் சேர்த்து 60 கலம் நெல், 2 காசு. நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலம் நெல், 1 காசு. நாவிதருக்கு ஒரு பங்கு, தண்ணீர் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கு. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நாள்தோறும் அரிசி. இரவு விளக்குக்கு எண்ணெய். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள், பெயர் பெயராக. இவ்வளவுக்கும் வருவாய் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

நான் இதை ஒரு பட்ஜெட்டாகப் படிக்கிறேன். மிக நல்ல பட்ஜெட். இதில் பெரும்பகுதி சம்பளம். இதே பட்டியலை இன்றைக்கு ஒரு நன்கொடையாளரிடம் கொண்டுபோனால் என்ன சொல்வார்? “மருந்துக்குத் தருகிறேன். நோயாளிகளின் சாப்பாட்டுக்கும் தருகிறேன். தண்ணீர்க்காரர், விளக்குக்கு எண்ணெய் இதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். நீங்களே என்றால் யார் என்று அவரும் சொல்ல மாட்டார், கேட்க நமக்கும் வாய் வராது.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்கிறவர் வழக்கமாக 96 ஆடுகள் கொடுத்தார். ஓர் இடையர் அவற்றைப் பொறுப்பேற்று, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். குட்டிகள் வந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டும். அதனால்தான் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காசாக வந்ததை ஊர்ச் சபைகளிடம் கடனாக விட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை வாங்கினார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. அதே கோயிலில் பண்டாரம் பார்ப்பவர், கணக்கெழுதுபவர், அவருக்குக் கீழே கீழ்க்கணக்கர், மெய்காவலர் இவர்களை எந்தெந்த ஊர் அனுப்ப வேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது. பழுது பார்ப்பதற்கென்றே விட்ட நிலம் புதுக்குப்புறம். ஏரியைப் பராமரிக்க விட்டது ஏரிப்பட்டி. விளக்கு ஒருநாள் செலவு, நெய் என்றென்றைக்கும் செலவு என்பது அந்தக் கொடையாளிகளுக்குத் தெரிந்திருந்தது.

சோழர் காலத்தைப் பொற்காலம் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நெல்லில் பெரும்பகுதி வரியாக வந்த நெல். உழுதவரைக் கேட்டுக்கொண்டு யாரும் எடுக்கவில்லை. பல கட்டளைகள் நாளடைவில் நின்றும் போயின. ஆனால் ஒரு நிறுவனம் நடக்க என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய கை ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கையைத்தான் இன்றைக்குக் காணோம்.

பெயர் சொல்லாமல் ஓர் இல்லத்தைக் காட்டுகிறேன். பெற்றோர் இல்லாத, இருந்தும் வளர்க்க இயலாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம். வாசலில் பலகை: ஒரு வேளை உணவுக்கு இவ்வளவு, ஒரு நாள் உணவுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு. உள்ளே போனால் ஒரு பெரிய காலண்டர். பிறந்தநாள், திருமணநாள், திவசம் என்று ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பதிவாகியிருக்கும். பிள்ளைகள் ஞாயிறு தவறாமல் பாயசம் குடிக்கிறார்கள். ஸ்டோர் ரூமைத் திறந்தால் பிரிக்காத பள்ளிப் பைகள், ஒரே மாதிரி மூன்று கிரைண்டர்கள், தீபாவளிக்கு வந்த ஒரே அளவுச் சட்டைகள். சுவர்க் கடிகாரத்தில் ஒருவர் பெயர், பீரோவில் ஒருவர் பெயர். டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தையே பாதி மறைத்திருக்கிறார்கள். கரண்ட் பில்லில் மட்டும் உபயம் எழுத இடம் இல்லை.

என் மேசைக்கு வருவது வவுச்சர் கோப்பு. அதில் ஒரு நாள் செப்டிக் டேங்க் லாரியின் ரசீது இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது, லாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மூன்று லோடு எடுத்திருக்கிறார்கள். அறுபது பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட அவசரமான செலவு எது? ஆனால் அந்த வருடம் வந்த நன்கொடைகளில் ஒன்றுகூட அதற்குப் பயன்படாது. ஒன்று உணவுக்கு, ஒன்று படிப்புக்கு, ஒன்று கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்று கட்டம் கட்டி வந்தவை. மேலாளர் யோசித்துவிட்டு, ‘குழந்தைகள் நலம்’ என்ற தலைப்பில் எழுதியிருந்தார். அதில் பொய் இல்லை, நலம்தான். அடுத்த வவுச்சர், கணக்கரின் சம்பளம். அவர் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் சொல்லித் தருகிறாராம், ஆகவே ‘கல்வி’. அதற்கடுத்தது அலுவலகக் கம்ப்யூட்டர் பழுது. அது ‘கல்வி உபகரணம்’. இப்படியே போய், ஆண்டறிக்கை அச்சானபோது நிர்வாகச் செலவு ஆறே விழுக்காடு என்று வந்தது. நன்கொடையாளர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. “ஆறுதான் சார், சுத்தமான ஆட்கள்.” அடுத்த தெருவில் இருக்கும் இல்லம் இனி ஐந்து காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் கிரிகரி, ஹோவர்ட் என்ற இருவர் 2009இல் ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் தொண்டு நிறுவனங்களின் பட்டினிச் சுழல் என்றது. கொடுப்பவர் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார். வாங்குபவர் குறைத்துச் செலவிடுகிறார், செலவிட்டதையும் குறைத்துக் காட்டுகிறார். காட்டிய எண்ணைப் பார்த்துக் கொடுப்பவரின் எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. படிக்கும்போது அவர்கள் நம் ஊர் வவுச்சர் கோப்பைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

பட்டினி யார் வயிற்றில் போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இல்லத்தில் ஒரே ஆண்டில் மூன்றாவது வார்டன் வந்தார். முதலாமவர் ஜவுளிக்கடையில் கூடுதல் சம்பளம் என்று போனார். அதில் தவறென்ன இருக்கிறது? இரவும் பகலும் பிள்ளைகளோடு கிடக்கிற வேலை, பி.எஃப். கிடையாது, ஊருக்குப் போக மாற்று ஆள் கிடையாது. இரண்டாமவர் ஏன் போனார் என்று கோப்பில் இல்லை. போன ஒவ்வொருவரோடும் ஒரு தகவல் களஞ்சியமும் போகிறது: எந்தப் பிள்ளைக்கு இரவில் பயம், எவனுக்கு வலிப்பு மாத்திரை, எவளுடைய சித்தப்பாவை உள்ளே விடக் கூடாது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஏனென்றால் பதிவேடு எழுத ஆள் போட யாரும் பணம் தரவில்லை. சட்டமோ இளைஞர் நீதி விதிகளில் ஆற்றுப்படுத்துநர், இல்லத் தாய், சமையலர், கணக்கும் பார்க்கும் ஸ்டோர் கீப்பர் என்று வரிசையாக ஆள் கேட்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்த ஆட்களைக் கேட்பார். நன்கொடையாளர் அவர்களுடைய சம்பளத்தைக் கேட்டால் முகம் சுளிப்பார்.

இந்த அவையில் ஓட்டல் தொழிலில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். தோசைக்குப் பணம் தருவேன், ஆனால் மாஸ்டர் சம்பளத்துக்கும் கேஸுக்கும் கடை வாடகைக்கும் ஒரு பைசா தரமாட்டேன் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வீர்கள்? அவரை அனுப்பிவைப்பீர்கள். தொண்டு நிறுவனத்தால் அது முடியாது. அது தலையாட்டிவிட்டு, மாஸ்டரின் வயிற்றில் அடித்துத் தோசையைக் கொண்டுவந்து வைக்கும்.

இனி எண்கள் கொஞ்சம். பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை நிறுவனம் இந்தியத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கேட்கப்பட்ட 388 நிறுவனங்களில் 83 விழுக்காடு, மறைமுகச் செலவுகளுக்கு, அதாவது நிர்வாகத்துக்கும் அமைப்பை நடத்துவதற்குமான செலவுகளுக்கு, பணம் திரட்டத் திண்டாடுவதாகச் சொன்னது. ஓரளவு வசதியான, பெயர்பெற்ற 40 நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது உண்மையான மறைமுகச் செலவு 5 விழுக்காட்டிலிருந்து 51 வரை விரிந்தது, நடுமதிப்பு 19. இந்த விரிவுதான் முக்கியம். அரிசி வாங்கிப் பங்கிடும் அமைப்புக்கு ஐந்து போதும். கொத்தடிமைகளை மீட்டு நீதிமன்றத்தில் நிற்கும் அமைப்புக்கு எப்படிப் போதும்? அதன் வேலையே படித்த ஆள், பயணம், கோப்பு, காத்திருப்பு.

எது நிர்வாகச் செலவு என்பதே சில இடங்களில் குழப்பம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால் சிதறாமல் பிழைத்து, 1994இல் சென்னையில் நூலகமாயின. அங்கே பழைய தாள், நுண்படச் சுருள் எல்லாம் வெப்பமும் ஈரமும் ஏறாமல் காக்கப்பட வேண்டும். இப்படி ஓர் இடத்தில் ஏ.சி. ஓடும் கரண்ட் பில் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா? ஆவணக்காப்பகத்தில் காப்பதுதான் திட்டம். நூலகங்களுக்குப் புத்தகம் கொடுக்க நம்மிடம் ஆள் வரிசையில் நிற்கிறார்கள்; தாத்தாவின் அலமாரியை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதைப் பட்டியலிட ஒரு நூலகருக்கு ஆறு மாதச் சம்பளம் சேர்த்து அனுப்பியவர் என் அனுபவத்தில் அரிது.

சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு இருந்த உச்சவரம்பு 50 விழுக்காடு. 2020 திருத்தம் அதை 20 ஆக்கியது. வெளிநாட்டுப் பணத்தைப் பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்வதையும் அதே திருத்தம் தடை செய்தது. எங்கோ உட்புறக் கிராமத்தில் வேலை செய்த சின்ன அமைப்புகளுக்குச் சம்பளம், வாடகை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. விதிகள் ஒன்றை நியாயமாகச் சொல்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும்: மருத்துவமனை டாக்டரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது. திருமுக்கூடல் மருத்துவரும் தேறிவிடுவார். கணக்கர்தான் வெளியே நிற்கிறார்.

உள்நாட்டில் இருப்பது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பணம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதியும் உண்டு. அந்த விதியை ஒழுங்காகப் படித்தால், கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் செலவுக்கான வரம்பு அது. நடைமுறையில் என்ன ஆகிறது? கம்பெனியின் ஆள் அதே ஐந்தைக் கொண்டுவந்து தொண்டு நிறுவனத்தின் தலையில் வைக்கிறார். “ரூல் அப்படித்தான் சார்” என்கிறார். ரூல் புத்தகத்தைத் திறந்து காட்டினால், “எங்கள் பாலிசி” என்கிறார். இன்னொன்று, இந்த மாதிரி அறக்கட்டளைச் சொற்பொழிவில் கட்டாயம் சொல்ல வேண்டியது: 2021 ஜனவரி முதல் சி.எஸ்.ஆர். பணத்தை எந்த அமைப்பின் மூலநிதியிலும் சேர்க்க முடியாது. கார்பஸ் என்று நாம் சொல்லும் அந்த நிதி, அதாவது 96 ஆட்டுக்குச் சமமான அந்தச் சேமிப்பு, கம்பெனிப் பணத்துக்கு மூடப்பட்ட கதவு. ஆகவே அதைத் தரக்கூடியவர்கள் தனி மனிதர்களும் குடும்ப அறக்கட்டளைகளும்தான். இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

அரசு கேட்கும் காகிதங்களையும் பாருங்கள். 2021-22 நிதியாண்டு முதல், வருமான வரிச் சலுகை கோரும் நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயர், பான் எண், தொகை எல்லாவற்றையும் மே 31க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும், பிறகு ஆளுக்கொரு சான்றிதழ் தர வேண்டும். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தணிக்கை அறிக்கை தனி. இவை நல்ல விதிகள். நான் இவற்றை ஆதரிக்கிறேன், என் தொழிலும் இதில்தான் ஓடுகிறது. ஆனால் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வரிச் சலுகைச் சான்றிதழ் தாமதம் என்று மூன்று முறை போன் செய்யும் நன்கொடையாளரே, “அட்மினுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்?” என்றும் கேட்கிறார். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வருவதுதான் வேடிக்கை.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் பயத்துக்கு வருகிறேன். கட்டுப்பாடில்லாமல் கொடுத்தால் காரும் ஏ.சி. அறையுமாகப் போய்விடாதா? போன இடங்கள் உண்டு. நானே பார்த்திருக்கிறேன், பெயரும் தெரியும், இது அதற்கான மேடை இல்லை. ஆனால் தணிக்கையாளனாக ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: திருடுகிறவர் நிர்வாகச் செலவுத் தலைப்பில் திருடுவதில்லை. அங்கேதான் எல்லாரும் பார்க்கிறார்களே. அவர் பயனாளிப் பட்டியலில் திருடுவார், கொள்முதலில் திருடுவார், நடக்காத முகாமின் சாப்பாட்டு பில்லில் திருடுவார். போலி அமைப்பின் அறிக்கையில்தான் ‘நிர்வாகச் செலவு இரண்டு விழுக்காடு’ என்று அழகாக அச்சாகியிருக்கும். திருட்டைத் தடுப்பது எது? காசோலைக்கு இரண்டு கையெழுத்து, மாதாமாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல், இருப்புப் பதிவேடு, பணம் கொடுப்பவரும் கணக்கெழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது. இந்த நான்கும் நிர்வாகச் செலவு. அதை வெட்டச் சொல்லும் நன்கொடையாளர் பூட்டைக் கழற்றச் சொல்கிறார்.

நம் முன்னோர் நம்பி மட்டும் கொடுத்தவர்கள் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மறுபடி வாரியத்துக்கு வரவிடாது. அவருடைய நெருங்கிய உறவினரையும் சேர்த்து விலக்கிவிடும். கோயில் கணக்கை அதிகாரிகள் வந்து ஆராய்ந்து தண்டம் போட்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன. கணக்கருக்கும் பங்கு கொடுத்தார்கள், கணக்கும் கேட்டார்கள். நாம் கணக்கை மட்டும் கேட்கிறோம்.

இந்தப் பட்டினிச் சுழலிலிருந்து வேறு வழியில் தப்பித்த நிறுவனங்களும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கியபோது 11 படுக்கைகள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார். பணம் கட்டக்கூடிய நோயாளிகளிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். அன்றாடச் செலவுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கதையில் என்னை ஈர்ப்பது பலரும் பேசாத ஒரு பகுதி. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, கண் மருத்துவ உதவியாளர்கள் ஆக்கினார்கள். அறுவைக்கு முன்னும் பின்னுமான வேலைகளை அவர்கள் பார்த்துக்கொள்வதால்தான் டாக்டர் ஒரு கண் முடித்து அடுத்த கண்ணுக்குத் திரும்ப முடிகிறது. 1992இல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க ஆரோலேப் வந்தது. அதே காலத்தில் லயன்ஸ், சேவா போன்ற அமைப்புகளின் துணையோடு லைகோ என்ற பயிற்சி நிறுவனம் வந்தது. மற்ற ஊர், மற்ற நாட்டுக் கண் மருத்துவமனைகளிலிருந்து வருபவர்களுக்கு அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? நோயாளி வரிசையை எப்படி நகர்த்துவது, பதிவேடுகளை எப்படி வைப்பது, கருவி பழுதானால் எப்படிச் சரிசெய்வது. ஒரு கண் அறுவைக்கு நன்கொடை கொடுத்தால் ஒருவருக்குப் பார்வை. ஒரு மருத்துவமனையை ஒழுங்காக நடத்தச் சொல்லிக்கொடுக்கக் கொடுத்தால் அந்த மருத்துவமனை இருக்கும்வரைக்கும் பார்வை.

அரவிந்தைக் காட்டி, எல்லாரும் இப்படித் தன் காலில் நிற்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவசரப்பட்ட பேச்சு. கண்புரை பணக்காரருக்கும் வரும், அதனால் அங்கே கட்டணம் கட்டும் வரிசை ஒன்று இருக்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு எங்கே கட்டண வரிசை? மனநலம் குன்றித் தெருவில் அலைபவரிடம் யார் வசூலிப்பது? அங்கெல்லாம் கொடைதான் கதி.

உலகில் கொடுப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டு நட்சத்திரம் கொடுத்துவந்த அமைப்பு உள்பட மூன்று அமைப்புகள் 2013இல் நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பதே அதன் சாரம். ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் 100 கோடி டாலரை ஐந்தாண்டுத் திட்டமாக ஒதுக்கி, நிறுவனங்கள் தங்களையே பலப்படுத்திக்கொள்ளக் கொடுத்தது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்ஸி ஸ்காட் 2020 முதல் பெருந்தொகைகளை நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்துவருகிறார். அமெரிக்க அரசின் மானியத்தில்கூட, தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்யாத அமைப்புக்கு மறைமுகச் செலவாக அனுமதித்த 10 விழுக்காடு 2024இல் 15 ஆனது. இந்தியாவில் எடெல்கிவ் அறக்கட்டளை 2021இல் பலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய குரோ நிதி, 100 சிறு நிறுவனங்களின் நடைமுறைச் செலவுகளுக்கு என்றே திரட்டப்பட்டது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டிலும் கொங்கு நாட்டிலும் கல்வி நிலையங்களுக்கு அள்ளிக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெயரில் கட்டடங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டடங்களில் சிலவற்றுக்கு வெள்ளையடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்குமுன் என்ன கேட்கலாம் என்று நண்பர்கள் என்னிடம் விசாரிப்பதுண்டு. விகிதத்தை விடுங்கள். நாளை முதல் நன்கொடையே வராவிட்டால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்று கேளுங்கள். மூன்று மாதம் என்றால் பரவாயில்லை, இல்லை என்றால் அந்த இடத்தின் பிள்ளைகள் ஆபத்தில் இருக்கிறார்கள். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். செயலாளர் ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் நடத்துவார் என்று கேளுங்கள். செயலாளரின் மனைவி என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள், முதல் பக்கப் புகைப்படங்களை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பதில்கள் திருப்தியாக இருந்தால், அதற்கப்புறம் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். தொட்டி எப்போது நிரம்பும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தொண்டு நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை. மறைத்து எழுதுவதை நிறுத்துங்கள். கணக்கரின் சம்பளத்தைக் கணக்கரின் சம்பளம் என்றே எழுதுங்கள். பதினெட்டு விழுக்காடு ஆனால் பதினெட்டு என்றே அச்சடித்து, அது எதற்கு என்று பக்கத்திலேயே நாலு வரி எழுதுங்கள். இரண்டு நன்கொடையாளர் போவார்கள். மூன்றாமவர் கேள்வி கேட்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

கடைசியாக, கொடுப்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு விவரம். அறக்கட்டளைக்கு வரும் பொது நன்கொடை அந்த ஆண்டின் வருமானமாகக் கணக்காகும். அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொதுவிதி. பின்னால் செலவிடச் சேர்த்துவைக்க வழி உண்டு, அதற்குத் தனிப் படிவமும் கெடுவும் உண்டு. மூலநிதியாக வைத்து வட்டியில் நடத்த வேண்டும் என்றால், ‘இத்தொகை கார்பஸ் நிதிக்கு’ என்று நன்கொடையாளரே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், அவர்களும் அதைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் போட்டுவைக்க வேண்டும். நீங்கள் எழுதித் தராவிட்டால் அவர்கள் விரும்பினாலும் செய்ய முடியாது. ஒரு வெள்ளைத்தாள், இரண்டு வரி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மூலநிதிக்குத் தர வசதியில்லாதவர்கள், வழக்கமாகத் தரும் தொகையிலேயே ஐந்தில் ஒரு பங்கைச் ‘சம்பளம், வாடகை, கணக்கு ஆகியவற்றுக்கு’ என்று குறிப்பிட்டு, அடுத்த மூன்று ஆண்டுக்கும் தருவதாக இப்போதே கடிதம் கொடுங்கள். ஒரு வார்டனை நம்பி வேலைக்கு எடுக்க அந்தக் கடிதம் போதும்.